0442-க்கு எத்தனை கால்?

பல்கேரிய மொழியில் குழந்தையைத் 'தெதெ' என்பார்கள். நான்கே எழுத்து. முதல் எழுத்து, நாம் 'தேசம்' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய தகரம். மூன்றாவது, 'தமிழ்' என்று சொல்லும்போது வருகிற வல்லோசைத் தகரம். இரண்டையும் அடுத்து ஒரே எகரம். சொல்லில் ஒரு சிக்கலும் இல்லை. அதை அச்சில் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மாஸ்கோ பாணியில் அச்சடித்தால் முதல் எழுத்து, இரண்டு குட்டைக் கால்களில் நிற்கும் கூடாரம் போல இருக்கும். மூன்றாவது, ஆங்கிலப் பெரிய 'டி'யை அப்படியே சுருக்கி வைத்தது போல, ஒற்றைக் கால்மேல் ஒரு விட்டத்தோடு நிற்கும். சோஃபியா பாணியில் அச்சடித்தால் முதல் எழுத்து ஆங்கிலச் சின்ன 'ஜி' ஆகிவிடும். மூன்றாவது ஆங்கிலச் சின்ன 'எம்' ஆகிவிடும். சிரிலிக் எழுத்து தெரியாத ஒருவர் சோஃபியா பாணித் தெதெயைப் பார்த்தால் 'கெமெ' என்று படித்துவிட்டு நடையைக் கட்டுவார்.

கணினியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். எந்தப் பாணியில் அச்சடித்தாலும் அது நினைவில் வைத்திருப்பது ஒரே நான்கு எண்களை: 0434, 0435, 0442, 0435. இவை யூனிகோடு அந்த எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்கள். வல்லோசைத் தகரத்தின் எண் 0442. அதற்கு எத்தனை கால் என்று கேட்டால், மாஸ்கோவில் ஒன்று, சோஃபியாவில் மூன்று. பெல்கிரேடில் கேட்டால் நேரெழுத்தில் ஒன்று என்பார்கள். சாய்வெழுத்தில் மூன்று தண்டுகள் மேல்நோக்கி நிற்க, தலைக்கு மேல் தனியாக ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டை மறைத்துவிட்டு ஒரு ருஷ்யரிடம் காட்டினால் அதை 'ஷ' என்று படிப்பார்.

எண் ஒன்று, உருவம் மூன்று. எந்த ஊரில் எந்த உருவத்தைக் காட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. விடையைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பேரரசரின் பேனா

சிரிலிக் என்றதும் நமக்கு ருஷ்யா நினைவுக்கு வருகிறது. பல்கேரியர்களுக்கு இதில் நியாயமான வருத்தம் உண்டு. அந்த எழுத்து உருவானது முதலாம் பல்கேரியப் பேரரசில். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பிரெஸ்லாவ் நகரத்து அறிஞர்களின் கையில். புனித சிரில் உருவாக்கியது அதற்கு முந்தைய கிளகோலித்திக் என்ற வேறோர் எழுத்து. அவருடைய மாணவர் பரம்பரை செய்த புதிய எழுத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பல்கேரியாவில் மே 24 எழுத்துக்கும் பண்பாட்டுக்குமான அரசு விடுமுறை நாள். எழுத்துக்காக ஒரு நாடு பள்ளிகளையும் அலுவலகங்களையும் மூடிக் கொண்டாடுவது உலகில் அரிது.

அந்த எழுத்து ருஷ்யாவுக்குப் போய் நூற்றாண்டுகள் கழிந்த பிறகு மகா பீட்டர் குறுக்கே வந்தார். தாடியை மழித்தது போல, நீண்ட அங்கியை வெட்டியது போல, எழுத்தையும் ஐரோப்பியக் கோலத்துக்கு மாற்ற நினைத்தார். 1708-இல் அவருடைய 'குடிமை எழுத்து' அச்சேறியது. அச்சுகள் ஆம்ஸ்டர்டாமிலும் மாஸ்கோவிலும் வெட்டப்பட்டன. 1710 ஜனவரியில் மாதிரித் தாளைக் கையில் வாங்கி, வேண்டாத உருவங்களைத் தம் பேனாவாலேயே அடித்து, மிஞ்சியதற்கு ஒப்புதல் கொடுத்தார். எழுத்துச் சீர்திருத்தக் குழு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லத்தீன் சின்ன எழுத்துகள் பல நூற்றாண்டுகள் எழுத்தர்களின் கையில் புரண்டு, தேய்ந்து, வளைந்து உருவானவை. அதனால்தான் 'டி' மேலே நீள்கிறது, 'ஜி' கீழே தொங்குகிறது. சிரிலிக் அச்சின் சின்ன எழுத்துகளுக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. பெரும்பாலானவை பெரிய எழுத்துகளின் குட்டிப் பதிப்புகளாகவே நிலைத்தன. ருஷ்ய அச்சுப் பக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். வரிகள் ஒரே உயரத்தில் வெட்டிய வேலி போல ஓடும்.

ஆனால் ருஷ்யர் கையால் எழுதும்போது வேலி காணாமல் போய்விடும். கையெழுத்தில் 0442-க்கு மூன்று கால்தான். ருஷ்ய அச்சுச் சாய்வெழுத்திலும் மூன்று கால்தான். இன்னும் சொன்னால், 18-ஆம் நூற்றாண்டின் ருஷ்யப் புத்தகங்களில் நேரெழுத்திலேயே மூன்று கால் தகரம் சாதாரணமாக வரும். ஆக, மூன்று கால் பல்கேரியர்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. எப்போதும் கையில் இருந்த உருவத்தை அச்சின் நேரெழுத்துக்குக் கொண்டுவரலாமா என்பது மட்டும்தான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு 'கொண்டுவரலாம்' என்று விடை சொன்னவர்களில் முதன்மையானவர் வாசில் யோன்செவ். 1916-இல் பிறந்து 1985-இல் மறைந்த இந்த எழுத்துக் கலைஞரும் அவருடைய தோழர்களும் மாணவர்களும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோஃபியாவில் இந்த வேலையில் இறங்கினார்கள். கையெழுத்து வளைவுகளை நேராக நிமிர்த்தி அச்செழுத்தாக்கினார்கள். வகரம் பெரிய 'பி'யின் குட்டிப் பிரதியாக இல்லாமல் மேலே நீண்டது. ககரத்தின் தண்டும் நீண்டது. வேலிக் கதவு போலிருந்த பகரம் சின்ன 'என்' ஆயிற்று. திருப்பிப் போட்ட 'என்' போலிருந்த இகரம் சின்ன 'யு' ஆயிற்று. லகரம் கவிழ்த்து வைத்த 'வி' போலக் கூம்பியது. பெரிய எழுத்துகளிலும் ஒன்றிரண்டு கூம்பின. யோன்செவ் 1982-இல் ஓல்கா யோன்சேவாவுடன் சேர்ந்து பழைய, புதிய பல்கேரிய எழுத்துருக்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். அந்தக் காலத்துப் பல்கேரியப் புத்தகங்கள் பலவற்றில் இந்த உருவங்களைப் பார்க்கலாம்.

பிறகு கணினி வந்தது. அதோடு வந்த எழுத்துருக்களில் இருந்தது ருஷ்ய உருவம். மேலைநாட்டு நிறுவனங்களுக்குச் சிரிலிக் என்றால் ருஷ்யச் சிரிலிக்தான். இரண்டாவது ஒன்று இருப்பதாக அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் சின்னச் சந்தைக்காக யார் மெனக்கெடுவார்கள்? ஒரு தலைமுறை பல்கேரியக் குழந்தைகள் கையால் ஒரு விதமாக எழுதி, திரையில் வேறு விதமாகப் படித்து வளர்ந்தார்கள்.

தனி எண் கொடுத்தால் என்ன?

சட்டென்று தோன்றும் தீர்வு இது: மூன்று கால் தகரத்துக்கு வேறொரு எண் கொடுத்துவிட வேண்டியதுதானே?

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடு ருமேனியாவே சாட்சி. ருமேனிய மொழியில் 'ஷ' ஒலிக்கு எஸ்ஸின் அடியில் தனியாக ஒரு காற்புள்ளி. துருக்கிய மொழியில் அதே ஒலிக்கு எஸ்ஸின் அடியில் ஒட்டிய கொக்கி. முதலில் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டிருந்தார்கள். 1999-இல் வந்த யூனிகோடு 3.0 ருமேனியக் காற்புள்ளிக்குத் தனி எண் கொடுத்தது. கண்ணுக்கு நீதி கிடைத்தது. தரவுக்குத் தலைவலி வந்தது. பழைய கோப்புகளில் ஓர் எண், புதிய கோப்புகளில் வேறோர் எண். ஒரே ஊர்ப்பெயர் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டது. ஒன்றைத் தட்டித் தேடினால் மற்றது கிடைக்காது.

பல்கேரிய எழுத்துக்கும் அதே கதி நேர்ந்திருக்கும். இன்னும் மோசமாகவே நேர்ந்திருக்கும், ஏனென்றால் இங்கே மாறுவது ஏறக்குறைய 15 எழுத்துகள். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த எண்ணிக்கை கொஞ்சம் கூடும், குறையும். தேடல், அகரவரிசை, பிழைதிருத்தி எல்லாம் உடையும். யூனிகோட்டின் அடிப்படைக் கொள்கை வேறு: எழுத்துக்கு எண் கொடுப்போம், அதன் உருவத்துக்குக் கொடுக்க மாட்டோம். உருவம் எழுத்துருவின் பொறுப்பு.

இந்தக் கொள்கை தமிழரான நமக்குப் புதிதில்லை. 1978-இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் உருவத்தை மாற்றியது. அதற்கு முந்தைய புத்தகத்தில் 'லை'யைப் பார்த்தால் லகரத்தின் முன்னால் யானை துதிக்கையைத் தூக்கி நிற்கும். இன்றைய 'லை'க்கும் அந்தத் துதிக்கை 'லை'க்கும் யூனிகோட்டில் ஒரே எண்வரிசைதான். பழைய உருவம் வேண்டுமானால் அதை வரைந்து வைத்திருக்கும் எழுத்துருவை எடுத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய வேறுபாடு காலத்தால் வந்தது. பழையது, புதியது என்று ஒரு கோடு கிழித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பல்கேரியனும் ருஷ்யனும் இன்று, இந்த நிமிடம், ஒரே திரையில் அடுத்தடுத்த வரிகளில் எழுதுகிறார்கள். வரிக்கு வரி முடிவெடுக்க வேண்டும். மராத்தியும் இந்தியும் நாகரி எழுத்தின் லகரத்திலும் ஷகரத்திலும் படுகிற பாடு இதற்கு இன்னும் நெருக்கமானது.

எழுத்துருவுக்குள் ஒரு நடை

ஓர் எழுத்துருக் கோப்பைத் திறந்து உள்ளே நடந்து பார்ப்போம். முதலில் வருவது எண்ணையும் உருவத்தையும் இணைக்கும் அட்டவணை. 0442 என்று வந்தால் இந்த உருவத்தை எடு என்கிறது அது. உருவங்களுக்குக் கோப்புக்குள் தனி வரிசை எண் உண்டு. வசதிக்கு, ஒற்றைக்கால் உருவம் 317 என்றும் மூன்றுகால் உருவம் 912 என்றும் வைத்துக்கொள்வோம். 0442 வந்தவுடன் 317 மேடைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் திரை இன்னும் விலகவில்லை. அடுத்து, பதிலீட்டு அட்டவணை ஒன்று இருக்கிறது. தமிழில் 'கு' என்று தட்டும்போது ககரத்தையும் உகரக்குறியையும் சேர்த்து ஒரே உருவமாக்குவதும் இதே அட்டவணைதான். அதன் வாசலில் எழுத்துமுறையின் பெயர்: சிரிலிக். உள்ளே மொழிவாரியாக அறைகள். பொது அறை ஒன்று. 'பி-ஜி-ஆர்' என்ற பலகையுடன் பல்கேரிய அறை. 'எஸ்-ஆர்-பி' செர்பியாவுக்கு. 'எம்-கே-டி' மாசிடோனியாவுக்கு. பல்கேரிய அறைக்குள் 'எல்-ஓ-சி-எல்' என்ற நாலெழுத்துப் பெயரில் விதித்தொகுப்பு ஒன்று இருக்கும். உள்ளூர் வடிவம் என்பதன் சுருக்கம் அது. உள்ளே இருப்பது மிக எளிய விதி: 317 வந்தால் எடுத்துவிட்டு 912-ஐ வை.

மொத்தத் தொழில்நுட்பமும் இவ்வளவுதான். எழுதி வைக்க ஒரு நிமிடம் போதும்.

இந்த அறைகளுக்குள் போய்வரும் ஆள் உருவமைப்பு இயந்திரம் என்ற மென்பொருள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் எல்லாம் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற ஒரே மென்பொருளை நம்பியிருக்கின்றன. எழுத்துரு முறையின் பெயர் ஓப்பன்டைப். அதையே பாரசீகத்தில் பெயர்த்து 'ஹர்ஃப் பாஸ்' என்று வைத்துவிட்டார்கள். எந்த அறைக்குள் நுழைய வேண்டும் என்பதை ஹார்ஃப்பஸ் தானாக ஊகிக்காது. எழுத்தைப் பார்த்தால் சிரிலிக் என்று தெரியும். பல்கேரியமா ருஷ்யமா என்று தெரியாது. அதை வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். இணையப் பக்கத்தில் அது மொழிக்குறி: 'பி-ஜி' என்ற இரண்டெழுத்து. (எழுத்துருவுக்குள் மூன்றெழுத்து, பக்கத்தில் இரண்டெழுத்து. இரண்டு துறையினர் தனித்தனியே குறி வைத்ததன் விளைவு. மொழிபெயர்த்துக்கொள்வது இயந்திரத்தின் வேலை.)

மொழிக்குறி இல்லையென்றால் பொது அறை. பொது அறையில் இருப்பது ருஷ்ய உருவம்.

எல்லாத் தொல்லையும் இங்கிருந்துதான் வருகிறது. செல்பேசியில் நண்பனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் யார் மொழிக்குறி போடுகிறார்கள்? இணையதளம் கட்டுபவர் ஆங்கில வார்ப்புருவை எடுத்து, மேலே இருக்கும் 'இ-என்' குறியை மாற்றாமலே பல்கேரியச் செய்தியைப் போட்டுவிடுவார். எழுத்துருவில் மூன்றுகால் உருவம் அழகாக உட்கார்ந்திருக்கும். அதைக் கூப்பிட ஆளிருக்காது. நூல் வடிவமைப்பு மென்பொருளில், வரிக்கடைசியில் சொல்லை ஒடிப்பதற்காக என்று நினைத்து ஒருவர் பத்தியின் மொழியை மாற்றுவார். எழுத்தின் உருவமே மாறிப்போவதைக் கண்டு எழுத்துரு கெட்டுவிட்டது என்று பதறுவார். பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று எழுத்துருவை இளைக்க வைக்கும் கருவிகளும் உண்டு. 0442-க்கு ஓர் உருவம் போதாதா என்று அவை 912-ஐயே வெட்டி எறிந்துவிடலாம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். பல்கேரியக் கட்டுரை ஒன்றில் நடுவே ஒரு ருஷ்ய வாக்கியம் மேற்கோளாக வருகிறது. பிழைதிருத்திக்காக அதற்கு ருஷ்ய மொழிக்குறி போடுகிறோம், போடுவதுதான் சரி. உடனே பத்தியின் நடுவில் அந்த வரி மட்டும் வேலியாக மாறி நிற்கும், துணியில் வேறு நிற ஒட்டுப் போட்டது போல. புத்தகம் சோஃபியாவில் அச்சாகிறது, படிப்பவர் பல்கேரியர். அவர் கண்ணுக்கு அந்த வரியும் பல்கேரிய உருவத்தில்தான் இருக்க வேண்டும். மொழி ஒன்று, வாசகரின் பழக்கம் இன்னொன்று. நாம் கொடுக்கும் குறி மொழியை மட்டும்தான் சொல்கிறது. இந்த முறையின் உண்மையான குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதற்காகவே சில எழுத்துரு நிறுவனங்கள் குறியை நம்பாமல், பொது அறையிலேயே பல்கேரிய உருவத்தை வைத்துத் தனிக் கோப்பாக விற்கின்றன. முரட்டு வழிதான். ஆனால் எங்கே போட்டாலும் வேலை செய்கிறது.

வரைபவரின் கணக்கு

விதி எழுத ஒரு நிமிடம் என்றேன். உருவம் வரைய அப்படியில்லை. 15 எழுத்து என்று வைத்துக்கொண்டாலும், 9 தடிமன் உள்ள எழுத்துருக் குடும்பத்துக்கு நேரெழுத்தில் மட்டும் 135 உருவங்கள். ஒவ்வோர் உருவமும் பக்கத்தில் வரும் எழுத்தோடு எவ்வளவு நெருங்கலாம் என்று ஜோடி ஜோடியாக இடைவெளி பார்க்க வேண்டும். லத்தீன் எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் ஆயிற்றே என்று நினைப்பவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்வார்கள். லத்தீன் 'எம்' லத்தீன் எழுத்துகளுக்கு நடுவே நிற்பதற்காக வரைந்தது. அகலமான சிரிலிக் எழுத்துகளுக்கு நடுவே அது ஒடுங்கித் தெரியும். எஸ்ஸைக் கண்ணாடியில் பார்ப்பது போன்ற பல்கேரிய மெல்லோசைக் ககரத்தை எஸ்ஸைத் திருப்பிப் போட்டுச் செய்தால், அது பின்னால் சாய்ந்து விழப்போவது போல நிற்கும்.

அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சோஃபியா இன்று எழுத்துரு வரைபவர்கள் நிறைந்த நகரம். அந்த நகராட்சி தனக்கென்று செய்துகொண்ட 'சோஃபியா சான்ஸ்' எழுத்துருவை கூகுள் எழுத்துருக் களஞ்சியத்திலிருந்து யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

பல்கேரிய உருவங்களுக்காகப் பேசுகிறவர்கள் ஓர் அறிவியல் வாதத்தையும் முன்வைப்பார்கள். மேலே நீளும் கொம்பும் கீழே தொங்கும் வாலும் இருந்தால் சொல்லுக்கு ஒரு வெளிக்கோடு கிடைக்கிறது; கண் அந்தக் கோட்டைப் பிடித்துச் சொல்லை அடையாளம் காண்கிறது; ஆகவே படிப்பது எளிது. கேட்க நன்றாக இருக்கிறது. ஜேம்ஸ் கேட்டல் 1886-இல் செய்த சோதனைகளில் மனிதர்கள் தனி எழுத்தைவிடச் சொல்லை வேகமாகப் பிடித்ததிலிருந்து இந்தக் கருத்துக்கு நீண்ட ஆயுள். ஆனால் பிற்கால ஆய்வுகள் வேறு பக்கம் சாய்ந்திருக்கின்றன. மைக்ரோசாஃப்டில் வாசிப்பை ஆராய்ந்த கெவின் லார்சன், 2004-இல் அந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நாம் சொல்லின் நிழலைப் பார்த்துப் படிப்பதில்லை, அதிலுள்ள எழுத்துகளை ஒரே நேரத்தில் அடையாளம் கண்டு படிக்கிறோம் என்று வாதிட்டார். அப்படியானால் கொம்பும் வாலும் உதவுவது, எழுத்துக்கு எழுத்து வேறுபாடு காட்டுகிற அளவுக்குத்தான். அதிலும் பல்கேரிய முறை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. 'யு', 'என்', 'எம்' வடிவங்கள் வரிசையாக வந்தால் வளைவுகள் ஒன்றோடொன்று குழம்பும். ருஷ்யக் கையெழுத்தைப் படிக்கத் திணறிய எவரும் இதை ஒப்புக்கொள்வார்.

இந்த வாதமே தேவையில்லை என்பது என் கட்சி. ஒரு சமூகம் தன் எழுத்தை இப்படித்தான் பார்க்க விரும்புகிறது, இப்படித்தான் கையால் எழுதுகிறது என்பதே போதுமான காரணம். துதிக்கை 'லை' வேகமாகப் படிக்க உதவியதா என்று கணக்குப் பார்த்தா நம் தாத்தாக்கள் அதை எழுதினார்கள்?

2007-இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் அடுத்து ஒன்றியத்தின் மூன்றாவது எழுத்துமுறையானது சிரிலிக். 2013-இல் வந்த புதிய 5 யூரோ நோட்டில் நாணயத்தின் பெயர் சிரிலிக்கிலும் அச்சானது. 2026 ஜனவரி 1 முதல் அந்த நோட்டே பல்கேரியாவின் பணம். நோட்டில் இருப்பது பெரிய எழுத்தில் 'எவ்ரோ' என்ற சொல். அதன் நான்கு எழுத்துகளிலும் ருஷ்ய உருவமும் பல்கேரிய உருவமும் ஒன்றேதான். சண்டைக்கு வழியே இல்லாமல் போயிற்று.

நீங்களே பார்க்கலாம். ஒரு சாதாரண இணையப் பக்கக் கோப்பில் 'தெதெ' என்ற அந்தச் சொல்லைச் சிரிலிக்கில் இரண்டு வரிகளாகத் தட்டுங்கள். முதல் வரிக்கு ருஷ்ய மொழிக்குறியும் இரண்டாவது வரிக்குப் பல்கேரிய மொழிக்குறியும் போட்டு, பல்கேரிய அறை உள்ள ஓர் எழுத்துருவைத் தேர்ந்து உலாவியில் திறங்கள். மேலே ஒற்றைக்கால், கீழே மூன்றுகால். பிறகு தேடல் பெட்டியில் ஒற்றைக்கால் சொல்லை ஒட்டித் தேடுங்கள். இரண்டு வரிகளும் மஞ்சளில் ஒளிரும்.